ஒரே தாளில் ராஜாவும் அவளும்

முதலில் கேட்டது ஒரு கனைப்பு. சளி பிடித்தவனின் கனைப்பு இல்லை அது. கனைத்து முடித்தால் எதிரில் இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று தொட்டிலிலேயே தெரிந்துகொண்டவனின் கனைப்பு. சேந்தன்கரைக் கிளை நூலகத்தின் பின்னறையில் வார இதழ்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் அமலோற்பவம், நூலகர் தணிகாசலம்தான் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டார் என்று எண்ணி, தலையைத் தூக்காமலே, "சார், இன்னைக்காவது தயிர் கெடைச்சுதா?" என்று கேட்டாள். பதிலுக்கு இன்னொரு கனைப்பு வந்தது. பிறகு நாவல் அலமாரிக்கு அந்தப் பக்கம் பட்டு உரசும் ஓசையும், மரக்கட்டைச் செருப்பின் ஓசையும். அதற்கும் பிறகுதான் ஆள் வந்தான். ஆறடி உயரம், காதில் குண்டலம், இடுப்பில் வாளில்லாத வெறும் உறை, எண்ணெய் வைத்து முறுக்கிய மீசை.

"யாம் பசித்திருக்கிறோம்" என்றான்.

அமலோற்பவம் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எத்தன பேரு வந்திருக்கீய?"

ஒருவன்தான். ஆனால் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான். அவள் தூக்குச்சட்டியில் இருந்த சோறும் சாளைமீன் கறியும் காணாமல் போன பிறகு கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். கழுவிவிட ஆள் வரும் என்று காத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "கொழா வெளிய இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. நாட்டின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு வாசகசாலையில், நிழலுக்கு வரி போட்ட ராஜாவைப் பற்றிய கதையை வாசித்துக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்பு மேசைக்கு மேசை ஏறி, அலுவலகத்துக்கு அலுவலகம் ஏறி, கடைசியில் தலைநகரத்தில் தலைவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு குற்றமாகவே வளர்ந்திருந்தது. எல்லா நூலகங்களுக்கும் உத்தரவு பறந்தது. ஆள்பவர் அநியாயம் செய்வதாக எழுதப்பட்ட பக்கங்களை அடியோடு வெட்ட வேண்டும், அப்படிப்பட்டவர் வீழ்வதாக எழுதப்பட்ட பக்கங்களை அதற்கும் முன்னால் வெட்டி முத்திரையிட்டு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே ஒரு பெட்டி பிளேடும் வந்திருந்தது.

அமலோற்பவம் இருபத்திரண்டு வருஷமாகப் புத்தகம் கட்டுகிறவள். எந்தப் புத்தகத்தில் என்ன கதை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, எதன் முதுகு எப்போது விட்டது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். வாசிப்பதெல்லாம் அவள் புருஷன் சவரிமுத்துதான். ஐஸ் பிளாண்டில் இரவு வேலை அவனுக்கு. அவள் கட்டி முடித்த ஒவ்வொரு புத்தகத்தையும் பசை காயும் முன்னே வாங்கிக்கொண்டு போய், கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே சாக்கு போர்த்திக்கொண்டு வாசித்துவிட்டுத்தான் திருப்பித் தருவான். வெட்டுவதை மேற்பார்க்க வந்த அதிகாரியிடம் அவள் தன் தொழில் அறிந்த வரையில் சொல்லிப் பார்த்தாள்.

"சார், ஒரு பாரம்னா பதினாறு பக்கம், எட்டுத் தாள். எட்டும் தனித்தனி கெடையாது. நாலு நெடுந்தாளை மடிச்சு நடுவுல தைச்சது. இந்தப் பக்கம் ஒரு தாளை அடியோட வெட்டுனா, அந்தப் பக்கம் அதோட இணைத்தாள் பிடிமானம் இல்லாம உதிந்திரும். ஒரு விரக்கடை ஓரம் விட்டு வெட்டணும்."

"சுற்றறிக்கையில் அடியோடு என்று இருக்கிறது" என்றார் அதிகாரி. "இணைத்தாளில் ராஜா இருக்கிறாரா?"

தணிகாசலம் பச்சை அட்டை நாவல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "இல்லை சார். யாரோ ஒரு பொம்பளை தண்ணி தூக்கிட்டுப் போறா."

"அப்போ அது இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குண்டலக்காரன் அந்தப் பச்சை அட்டை நாவலின் ராஜா, பெயர் உக்கிரசேகரன். அவனுக்குப் பின்னால் ஒரு வாரத்துக்குள், வெட்டுப்பட்ட மற்றப் பக்கங்களிலிருந்து பதினாறு பேர் வந்தார்கள். சாட்டையோடு ஒரு ஜமீன்தார் வந்தார். மனு வாங்கி மனு வாங்கிச் சட்டைப்பை கிழிந்துபோன ஒரு மந்திரி வந்தார். வேற்று நாட்டுக் கதையிலிருந்து கம்பளிச் சீருடையோடு ஒரு தளபதி வந்து சேந்தன்கரைப் புழுக்கத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தார். படக்கதைப் புத்தகத்திலிருந்து வந்த மஞ்சள் கிரீட ராஜா எதிரில் நின்றால் மூன்றடி இருப்பான், பக்கவாட்டில் திரும்பினால் காகிதத் தடிமன்தான், இருக்கிறானா போய்விட்டானா என்றே தெரியாது. ஊர் இவர்களை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. புயலில் ஒதுங்கிய வெளியூர்ப் படகுக்காரர்களுக்குக் கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுகிற ஊர் அது, இவர்களுக்கும் திறந்துவிட்டது. பாய் கொடுத்தது. தளபதிக்குக் கம்பளியைக் கழற்றிவிட்டு உடுத்திக்கொள்ள ஒரு சாரம் கொடுத்தது. தன் மேல் சவரக்கத்தி வைக்கிறவன் முதலில் மண்டியிட வேண்டும் என்றார் ஜமீன்தார். "மண்டி போட்டா எனக்கு உம்ம கழுத்துதான் ஓய் எட்டும், பரவால்லையா?" என்றான் நாவிதன்.

டீக்கடை குருசு அவர்களை நன்றாக அறிந்துவைத்திருந்தான். ஊரில் பாதிப் பேர் நூலகத்தில் வாசித்தவர்கள்தானே. "எம்மை யாரென்று அறிவாயா?" என்று உக்கிரசேகரன் உறுமியபோது, "தெரியாமலா? சீனி கொறச்சலா, கூடவா?" என்று கேட்டான் குருசு. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கும்போதே அவர்களுக்கு ஒன்று உறுத்தியது. இவனை வாசித்தது நினைவிருக்கிறது, இவன் கதை எப்படி முடிந்தது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. வெட்டுப்பட்ட பக்கங்களோடு அதுவும் போய்விட்டதோ, அல்லது கெட்டவன் கதை முடியத்தான் செய்யும் என்று அசட்டையாக வாசித்து வைத்தார்களோ, தெரியவில்லை. ராஜாவுக்கும் தெரியாது. வெட்டி எடுத்த பக்கங்கள் எவ்வளவோ அவ்வளவுதான் அவன். கடைசிப் பாரம் மாவட்டத்துக்குப் போய் எரிந்துவிட்டது. முடிவில்லாதவனுக்கு முகத்தில் ஒரு மினுமினுப்பு வருகிறது, அதைச் சேந்தன்கரை முதன்முதலாக அந்தப் பதினேழு பேரிடத்தில்தான் பார்த்தது.

சரிபார்க்க வந்த அதே அதிகாரி, மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முன் அனுபவம்?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டு ஆண்டுகள் தனியாட்சி" என்றான் உக்கிரசேகரன்.

"இப்போதைக்கு ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்க முடியும்" என்றார் அதிகாரி.

அப்படித்தான் ஜமீன்தார் குடிநீர் வாரியத்துக்குப் போனார், அவருக்குத் தெரிந்தது ஊருக்குத் தண்ணீரை அடைத்த பக்கம் ஒன்றுதான். மந்திரி மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்தார், படிப்பது அவர் பக்கங்களில் இல்லை. மஞ்சள் கிரீடக்காரன் என்ன வேலைக்குப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் டீக்கடையில் பேச்சு குறைந்தது, பேசுகிறவர்கள் பேசுவதற்கு முன்னால் சுவரோரம் கையை நீட்டிக் காற்றைத் துழாவிப் பார்த்தார்கள். உக்கிரசேகரன் ஒழுங்கு அலுவலர் ஆனான், ஐஸ் பிளாண்ட் மாடியில் குடியேறினான், தன் நாவலில் போட்ட உத்தரவையே இங்கேயும் போட்டான்: எந்த வீட்டுக்கும் உள்தாழ்ப்பாள் கூடாது. தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம். குடிகளைக் கதவுக்குள் வைத்து வெளியிலிருந்து பூட்டுவதே நல்லாட்சி.

தச்சர்களுக்கு வேலை வந்தது. ராத்திரி ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வந்து தாழிட்டுவிட்டுப் போவாள், அவளை அடுத்த வீட்டுக்காரி தாழிடுவாள், தெருவின் கடைசி வீட்டை மட்டும் ராஜாவின் ஆள் தாழிடுவான், விடிந்ததும் அவன் அந்தத் தாழை நீக்கினால்தான் தெரு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். அவன் தூங்கிவிட்டால் ஊரே படுத்துக் கிடக்கும். மனுஷனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது? "முன்னயெல்லாம் விடிஞ்சா ஒருத்தி மூஞ்சில ஒருத்தி முழிக்க மாட்டோம், இப்ப எவ்வளவு ஒத்துமையா இருக்கோம் பாருங்க" என்று சொல்லுகிறவர்களும் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டார்கள். அதைக் கேட்டபோதுதான் அமலோற்பவத்துக்கு முதன்முதலாகத் தையல் தப்பியது. அன்று முழுக்கக் கையில் நூல் சிக்கிக்கொண்டே இருந்தது.

சவரிமுத்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு சாயங்காலம் குருசு கடையில் உக்கிரசேகரன் டீ ஆறவில்லை என்று கிளாசை எறிந்தபோது, இவன் எழுந்து நின்று சொன்னான்: "ஓய் ராஜா, ரொம்பத் துள்ளாதேயும். உம்ம கதை எப்படி முடியும்னு எனக்குத் தெரியும்."

ராஜாவின் முகத்தில் இருந்த மினுமினுப்பு விளக்கை ஊதினாற்போல அணைந்தது. "சொல்" என்றான். சவரிமுத்து மீசையைத் தடவிச் சிரித்தானே தவிர சொல்லவில்லை.

சொல்லும்வரை அவனை ஐஸ் கட்டிகளை அடுக்கும் குளிரறையில் அடைத்து வைக்க உத்தரவாயிற்று. மறுநாள் காலையில் அமலோற்பவம் ஓடிப்போனபோது கதவுக்கு வெளியே காவல் நின்றவர்கள் சவரிமுத்துவோடு வேலை பார்த்த லூர்துவும் மாசாணமும்தான்.

"மைனி, எங்களக் கோவிக்காதீய" என்றான் லூர்து. "உத்தரவு. சாக்கு நாலு உள்ள தள்ளியிருக்கோம்."

"நல்லா செஞ்சீய. செத்தா அதுலயே சுத்திக் குடுத்திருங்க."

ஐஸ் கட்டி வழுக்கி வருகிற துவாரத்தில் முகத்தை வைத்து அவள் கூப்பிட்டாள். உள்ளே பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் நெருங்கி வந்தது.

"அந்த முடிவச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"ஏட்டி அமலி, சிரிக்காத. நான் அதை வாசிக்கல."

"என்னது?"

"கடைசிப் பாரம் வரும்போது தூங்கிட்டேன். விடிஞ்சதும் நீ புஸ்தகத்தை வாங்கிட்டுப் போயிட்ட."

அவள் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டாள். "அப்ப எந்த தைரியத்துல அப்படிச் சொன்னீய?"

"அவனுக்கும் ஒரு முடிவு இருக்கும்லா. அது நெசந்தானே?" கொஞ்ச நேரம் இருமினான். "மூணு முடிவு சொல்லிப் பாத்துட்டேன். விஷம் வச்சாங்கன்னேன். போர்ல செத்தீருன்னேன். தம்பி குத்திட்டான்னேன். ஒண்ணையும் நம்ப மாட்டேங்கான். பொய்யச் சொன்னா அவனுக்கே தெரிஞ்சிருது... அமலி, இடது கால்ல ரெண்டு விரல் எனக்குச் சொந்தமாவே தெரியல பாத்துக்கோ."

மத்தியானம் தாண்டினால் ஆள் மிஞ்சமாட்டான் என்று லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் நூலகத்துக்கு ஓடினாள். தணிகாசலம் கையை விரித்தார்: கடைசிப் பக்கங்கள் சாம்பலாகி மாதம் ஒன்றாயிற்று, வேறு பிரதி எந்த ஊரிலும் கிடையாது. அமலோற்பவம் பச்சை அட்டை நாவலை எடுத்து மேசைமேல் குப்புறப் போட்டாள். அவளுக்குக் கதை தெரியாது. ஆனால் ராஜாவின் தாள் எங்கே வெட்டுப்பட்டது என்று விரலுக்குத் தெரியும், அந்தத் தாளுக்கு இணைத்தாள் எது என்றும் விரலுக்குத் தெரியும். அது பிடிமானம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் பழுத்த இலை போலக் கையோடு வந்துவிட்டது.

அலமாரிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பியது. இடுப்பில் குடத்தோடு ஒருத்தி வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும், நனைந்த மாராப்பு, வெடித்த பாதம்.

"நேரமாயிட்டா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"உன் பேரு என்னம்மா?"

"பேரு போடல. எழுதினவரு என்னை ரெண்டு மூணு இடத்துலதான் வரச் சொன்னாரு. விடியக்காலம் ராஜா அறைக்குத் தண்ணி கொண்டு போவேன், தாப்பாளத் திறப்பேன், வந்துருவேன்."

"ராஜா அறைக்குமா வெளிய தாப்பா?"

"அவரு போட்ட உத்தரவுதானே. அவருக்கு மட்டும் உள்ள வச்சா ஊரு சிரிக்காதா?"

"அவன் கதை எப்படி முடிஞ்சுதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "எனக்குத் தெரியாம? கடைசில கதை என்கூடத்தானே வந்துச்சு."

உச்சி வெயிலில் இரண்டு பெண்கள் கடற்கரைத் தெருவழியாக நடந்து போனதை ஊர் பார்த்தது. யாரும் கூடப் போகவில்லை, ஆனால் யாரும் வீட்டுக்குள்ளும் போகவில்லை. தன் முடிவு தெரிந்தவள் வந்திருக்கிறாள் என்று கேட்டு உக்கிரசேகரன் ஐஸ் பிளாண்ட் மாடியிலிருந்து வாசலுக்கு இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை, வருஷக்கணக்காகத் தினமும் தண்ணீர் கொண்டு வந்தவளை அவன் ஒருநாளும் முகம் பார்த்ததில்லை. குடத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"எம் முடிவு எது? வாளா? நஞ்சா? பகைவர் படையா?" என்று கேட்டான். கேட்கும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான், எதுவானாலும் பெரிதாக இருக்கும் என்ற நினைப்பில்.

"அன்னைக்கு என் மவளுக்குக் காய்ச்சல்" என்றாள் அவள். "நான் வரல."

"வரவில்லை என்றால்?"

"வரலன்னா வரல. தாப்பா வெளிய இருந்துச்சு. நீங்க உள்ள இருந்தீங்க."

"காவலர்கள்?"

"கதவு திறந்து நீங்க கூப்பிட்டாத்தான் அவங்க வரணும்னு உத்தரவு. நீங்க போட்டதுதான்."

"பிறகு?"

"பிறகு கதை எங்க தெருவுக்கு வந்துட்டு. மவளுக்குச் சாயங்காலம் வேர்த்துக் காய்ச்சல் விட்டுச்சு. கஞ்சி கேட்டா, ரெண்டு கரண்டி குடிச்சா. அதோட முடிஞ்சு போச்சு."

"எம்மைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லையா?"

"இல்ல."

பொய்யானால் அவனுக்கே தெரிந்துவிடும். அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது மெய்யென்று தெரிந்தது. மாசாணம் லூர்துவைப் பார்த்தான். லூர்து தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். "எனக்கும் வீட்டுல ஒரு சோலி கெடக்குவே" என்றான். "எனக்கும்" என்றான் மாசாணம். இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பகல் வேலை நேரத்தில், வீட்டுக்குப் போனார்கள். அமலோற்பவம் குளிரறைத் தாழைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை, சாதாரணத் தாழ்ப்பாள். சவரிமுத்து சாக்கோடு அவள் மேல் சாய்ந்தான். உயிர் இருந்தது. இரண்டு விரல்கள் போயின.

அதற்காக ஊர் ஒரே நாளில் பழையபடி ஆகிவிடவில்லை. பலர் தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே மாற்றினார்கள், சிலர் பழகிப்போச்சு என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஜமீன்தார் இன்னும் தண்ணீரை அடைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மற்ற புத்தகங்களிலும் இணைத்தாள்கள் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கியிருந்தன, வாரத்துக்கு ஒருவர் இருவராக அலமாரி இடுக்கிலிருந்து வந்தார்கள்: சாட்டையைத் துடைத்து வைக்கிறவன், மனு எழுதிக் கொடுக்கிறவன், தளபதியின் பூட்சுக்கு மெழுகு போடுகிறவன். மஞ்சள் கிரீடக்காரனை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லை. அவன் எங்கோ பக்கவாட்டில் நிற்கிறான் என்று தணிகாசலம் திரும்பத் திரும்பச் சொன்னார், சொல்லும்போதே கதவை மூடினார்.

"எல்லாரையும் திரும்பத் தைச்சிரலாமேம்மா" என்று அவர்தான் ஒருநாள் கேட்டார். "வெட்டின தாள் பாதிக்குமேல நம்மகிட்டதானே இருக்கு? ராஜா போயிடுவான், ஊர் நிம்மதி ஆயிடும்."

"தைக்கலாம் சார். ஆனா ராஜாவும் அவளும் ஒரே தாளு. அவனை உள்ள தைச்சா அவளையும் சேத்துத்தான் தைக்கணும். புஸ்தகத்தைத் தெறக்கும்போதெல்லாம் அவ தண்ணி தூக்கணும்."

பெயரில்லாதவளிடமே கேட்டார்கள். அவள் அமலோற்பவம் வீட்டு முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "என் மவ அங்கதான இருக்கா" என்றாள். "போறதுக்கு எனக்குச் சம்மதந்தான். ஆனா அந்தக் கடைசிப் பக்கம் எரிஞ்சு போச்சே. அதை எழுதிச் சேக்கணும். அதுக்கப்புறம், வாசிக்க ஆளு வரணும். யாரும் தெறக்காத புஸ்தகத்துக்குள்ள போயி நான் யாருக்குத் தண்ணி தூக்க? கடைசி வரைக்கும் வாசிச்சாத்தானே என் பிள்ளைக்குக் காய்ச்சல் விடும்?"

சவரிமுத்து கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஒரு வாள்வீச்சாவது, உள்ளே அடைபட்ட ராஜாவின் ஒரு அலறலாவது சேர்க்கிறேனே என்று கெஞ்சினான். அவள் ஒரு வரிகூடச் சேர்க்க விடவில்லை. எழுதி முடித்தபோது நாலு பக்கம்தான் வந்தது, அதில் ஒன்றரைப் பக்கம் கஞ்சி காய்ச்சுவது.

ஆனால் நூலகத்துக்கு ஆள் வரவில்லை. அடுத்த சுற்றறிக்கை வழியில் இருக்கிறது என்றார்கள், வாசித்தவர்களின் பட்டியலைக் கேட்பார்களாம் என்றார்கள். எதிர்பாராத ஒருவன்தான் அதற்காக அலைந்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத உக்கிரசேகரன், குண்டலத்தைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, டீக்கடையிலும் வலை உலர்த்தும் இடத்திலும் ஒவ்வொருவரிடமும் போய் நின்றான். புத்தகத்துக்குள் இருநூற்றுப் பத்தொன்பது பக்கம்வரை அவன் சொன்னதெல்லாம் நடந்தது, இங்கே ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. "ஐயா, ஒரு அத்தியாயமாவது வாசிக்க வாருங்கள். எம்மைத் திட்டியே வாசிக்கலாம்" என்பான். "முடிவு தெரிஞ்ச கதைய எவன் ஓய் வாசிப்பான்?" என்பான் குருசு. ஆனாலும் கிளாஸ் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு நூலகம் இருக்கிற திசையை ஒருமுறை பார்ப்பான்.

ஒரு காலை அமலோற்பவம் பின்னறை மண்ணெண்ணெய் அடுப்பில் மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது வாசல்படியில் வந்து நின்றான் ராஜா.

"எப்போது தைப்பாய், அம்மா?"

"அவகிட்ட கேட்டீயளா?"

"கேட்டேன். ஆள் வரட்டும் என்கிறாள்."

"அப்ப ஆளக் கூட்டிட்டு வாங்க."

அவன் போனான். தெருவில் அவன் யாரையோ கூப்பிடுவது கேட்டது. யாரோ பதில் சொன்னார்கள். வருகிறார்களா போகிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டியின் ஓரத்தில் பசை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் திரியைத் தணித்து, அகப்பையை எடுத்து, கட்டி விழாமல் மறுபடியும் கிண்ட ஆரம்பித்தாள்.